வட்டாரக் கோளரங்கச் சங்கம்: புதுத் தலைவருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கோளரங்கக் கல்வியாளர்களின் வட்டாரச் சங்கத்துக்கு நீ தலைவராவதில் மகிழ்ச்சி. சந்தா, மாநாடு, கோளரங்கங்களுக்கிடையே காட்சிப் பரிமாற்றம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை மனதில் வைத்துக்கொள். சின்னக் கோளரங்கத்தில் டிக்கெட் கிழிப்பது, லென்ஸ் துடைப்பது, காட்சி நடத்துவது என எல்லாம் ஒருவரே செய்வார். பெரிய இடத்தில் இருப்பவருக்குப் பக்கத்து அறையில் கேட்க ஆள் உண்டு. இந்த ஒற்றை ஆளுக்குச் சங்கத்தை விட்டால் வேறு நாதியில்லை.

முதலில் சந்தா. உறுப்பினர் பதிவு ஆளின் பெயரில் இருக்கட்டும், நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். நிறுவனம் பணம் கட்டினால் ரசீதை அதற்குக் கொடுத்துவிடலாம். நிறுவனப் பெயரில் பதிந்தால், ஆள் மாறியதும் அறிவிப்பெல்லாம் யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போகும். அடுத்த வருடம் அந்த உறுப்பினர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். புதுப்பிக்கும் தேதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சேர்ந்த தேதியிலிருந்து ஒரு வருடம் என்று வைத்தால் பொருளாளருக்கு வருடம் முழுக்க நினைவூட்டல் அனுப்புவதே வேலையாகிவிடும்.

பதவிக்காலம் பற்றி: 1970இல் தொடங்கிய சர்வதேசக் கோளரங்கச் சங்கத்தில் வருங்காலத் தலைவர், தலைவர், முன்னாள் தலைவர் என்று இரண்டிரண்டு வருடமாக ஒருவர் நகர்வார். மொத்தம் ஆறு வருடம். சின்ன வட்டாரத்துக்கு அது அதிகம். ஒவ்வொரு வருடமாக மூன்று வருடம் போதும். செயலாளரும் பொருளாளரும் மட்டும் ஒரே வருடத்தில் மாறாதபடி துணைவிதியில் எழுதிவிடு. இருவரும் சேர்ந்து போனால் கடவுச்சொற்களும் வங்கிக் கையெழுத்து அதிகாரமும் மாறும்வரை சங்கம் முடங்கிப்போகும்.

இனி மாநாடு. சங்கத்தின் உயிர் அதில்தான், சங்கடமும் அதில்தான். நடத்தும் கோளரங்கத்தை இரண்டு வருடம் முன்பே முடிவு செய். சர்வதேச மாநாடு இரட்டைப்படை வருடங்களில் வரும்; 2024இல் பெர்லினில் நடந்தது. அந்த வருடங்களில் உங்கள் மாநாட்டை வேறு பருவத்துக்குத் தள்ளிவிடு. ஒரே பருவத்தில் அடுத்தடுத்து இரண்டு பயணத்துக்குச் சின்ன இடங்களில் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

நடத்துகிற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வானத்தைக் காட்டும் குவிமாடத்துக்குள் உள்ள இருக்கைகள். 80 இருக்கைக்கு 120 பேர் வந்தால் குவிமாட நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் இரண்டு முறை நடத்த வேண்டும். நிகழ்ச்சி நிரலில் பாதி அங்கேயே போய்விடும். கட்டணத்தைக் கணக்கிடும்போது அரங்கம், ஒலி, பேருந்து போன்ற நிலைச் செலவைப் போன வருட வருகையின் 70 சதவீதத்தால் வகுத்து, அதோடு தலைக்கான சாப்பாட்டுச் செலவைக் கூட்டு. 100 பேர் வந்திருந்தால் 70 பேருக்கே கணக்கு. நிறுவனங்கள் தருவதாகச் சொன்ன நன்கொடையை வங்கியில் விழும்வரை வரவில் காட்டாதே.

புரொஜெக்டர் நிறுவனங்களின் செயல்விளக்கங்களை முதல் நாளிலேயே வை. வெளியிலிருந்து கருவி கொண்டுவந்தால் படங்களின் விளிம்புகளை ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தைச் சமன் செய்ய மணிக்கணக்காகும். அதை முந்தின இரவே முடித்துவிட வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அளவு நேரம். அதிகம் கொடுத்தவருக்கு அதிக நேரம் என்று ஆரம்பித்தால் மாநாடு சந்தைக் கூட்டமாகிவிடும்.

குவிமாடத்துக்குள் பேசுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: வெள்ளைப் பின்னணி ஸ்லைடு. வளைந்த பரப்பில் ஒரு பக்கத்து வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் பட்டுச் சிதறும். மொத்த வானமும் சாம்பல் பூத்துவிடும். கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து, தொடுவானிலிருந்து 20 முதல் 30 டிகிரி உயரத்துக்குள் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பு. மங்கலான விண்மீன்களைக் காட்டும் நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வை. கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தரம் அறை விளக்கைப் போட்டால் அத்தனையும் வீண்.

பயிலரங்குகளில் ஒரு சிக்கல்: காட்சியை நடத்த ஒரு கோளரங்க மென்பொருளுக்கு எழுதிய கட்டளைக் கோப்பு இன்னொன்றில் ஓடாது. அதனால் மென்பொருள் பயிற்சியைத் தனித்தனிக் குழுவாக்கி, பொது நேரத்தைப் பாடமுறைக்குக் கொடு. நிலவின் பிறைக்குப் பூமியின் நிழல்தான் காரணம், சூரியனுக்கு அருகில் போவதால்தான் கோடை வருகிறது என்று நம்பிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்பது விண்மீன்களை ஒளிப்புள்ளிகளாக வீசும் பழைய உருண்டைக் கருவிக்கும் புது டிஜிட்டல் புரொஜெக்டருக்கும் ஒன்றுதான். வானத்தைக் கணினியில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம் என்பதால் வீட்டுப்பாடத்தை அதில் கொடுக்கலாம்.

காட்சிப் பரிமாற்றத்தில் கணக்கு முக்கியம். 25 நிமிடக் காட்சி, நொடிக்கு 30 படம் என்றால் 45,000 படங்கள். 4கே அளவில் ஒரு படம் 10 எம்பி என்று வைத்தாலும் 450 ஜிபி. இணையத்தில் அனுப்பிக் காத்திருப்பதைவிட ஹார்ட் டிஸ்கில் அனுப்புவது மேல். கோப்பு எண்கள் 000001 என்று ஆறு இலக்கத்தில் இடைவெளியில்லாமல் போகட்டும். நடுவில் ஒன்று விடுபட்டாலும் பல மென்பொருள்கள் அங்கேயே நின்றுவிடும். அனுப்புமுன் எண்ணிக்கையையும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம்மையும் ஒரு உரைக்கோப்பில் எழுதிச் சேர்த்துவிடு. குவிமாடத்துக்கான வட்டப் படத்தின் கீழ்விளிம்புதான் பார்வையாளருக்கு முன்பக்கம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடு. இசையை வேறு அரங்குகளிலும் ஒலிக்க உரிமை இருக்கிறதா என்று எழுத்தில் வாங்காமல் எந்தக் காட்சியையும் சுற்றுக்கு விடாதே.

ஊதிக் கட்டும் குவிமாடத்தைச் சங்கம் இரவல் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. 5 மீட்டர் விட்டமுள்ளதில் 25–30 பிள்ளைகள் உட்காரலாம், கூரை 3.5 மீட்டராவது உயரமுள்ள அறை வேண்டும். மின்விசிறி நின்றால் துணி மெல்ல இறங்கும். பிள்ளைகள் பயப்படுமுன் அவசர ஜிப் எங்கே என்று காட்சிக்கு முன்னாலேயே காட்டச் சொல். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து, அடுத்தவர் பிரிக்கும்போது உள்ளே உட்கார முடியாத நாற்றம் அடிக்கும். திரும்பி வரும்போது லென்ஸ் மூடி, மின்விசிறிக் கம்பி, ஒட்டுத் துணி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு தாள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வாங்கியவரும் கொடுத்தவரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

துணைவிதி வரைவு தயாரானதும் அனுப்பு. பொதுக்குழுவுக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதை மட்டும் இப்போதே பார்த்து வை. பாதிப்பேர் என்று போட்டால் கூட்டமே நடக்காது. பத்தில் ஒருவர், அதோடு இணையவழி வாக்கு என்று போட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்