மேடையைத் திறந்தீர்கள், மேடையில் நிற்பவர்களையும் கணக்கில் சேருங்கள்

கொவிட்-19 அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவின் இணைத்தலைவர்கள் திரு கான் கிம் யோங், திரு லாரன்ஸ் வோங், திரு ஓங் யி காங் ஆகியோருக்கும், மனிதவள அமைச்சுக்கும், உள்துறை அமைச்சுக்கும்,

வணக்கம்.

இம்மாதம், 2022 ஏப்ரல் 19ஆம் தேதி, இரவுநேரக் கேளிக்கைக் கூடங்களைத் திறக்க அனுமதித்தீர்கள். 2020 மார்ச் 26 இரவு 11.59 மணியோடு மூடச் சொன்னபோது, ஏப்ரல் 30 வரைதான் என்று அறிவித்திருந்தீர்கள். அது ஈராண்டுக்கு மேல் நீண்டது. சிங்கப்பூரில் மூடிய தொழில்களில் கடைசியாகக் கதவு திறந்தது எங்களுக்குத்தான்.

தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவிலும் போட் கீ பக்கமும் தமிழ்ப் பாட்டு நடக்கும் கூடங்களில் பல ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். திறந்ததற்கு முதலில் மனமார்ந்த நன்றி. மறுபடி ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளக் கருவியின் சத்தம் கேட்கிறது, பாடகருக்குத் துண்டுச் சீட்டில் பாட்டு கேட்டு எழுதி அனுப்புகிறார்கள், நாங்கள் வாசிக்கிறோம். ஆனால் மூடிய விதத்திலும் திறந்த விதத்திலும் ஒரே குறை இருக்கிறது. நீங்கள் உரிமத்தை மூடினீர்கள், உரிமத்தைத் திறந்தீர்கள். அந்த உரிமத்தை நம்பி வேலை செய்யும் ஆட்கள் இரண்டு முறையும் உங்கள் கணக்கில் வரவில்லை. அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் அமையாது என்பதால் எழுதுகிறேன்.

மூடியதே தவறு என்று வாதாட வரவில்லை. எங்கள் கூடங்களின் அமைப்பு எனக்குத் தெரியும். சன்னல் கிடையாது, குளிர்சாதனக் காற்றே சுற்றிச் சுற்றி வரும், ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே காதருகில் போய்க் கத்த வேண்டும். 2020 மே மாதம் சோல் நகரில் இத்தேவோன் வட்டார நைட்கிளப்களிலிருந்து தொற்று எப்படிக் கிளம்பியது என்று உலகமே பார்த்தது. எங்களில் பலருக்கு வீட்டில் வயதான பெற்றோர் உண்டு. மூடியதை ஏற்றுக்கொண்டோம்.

ஏற்க முடியாமல் போனது அதற்குப் பிறகு நடந்தது. 2020 ஜூலை 13ஆம் தேதி திரையரங்குகள் திறந்தன. செப்டம்பரில் கலை அரங்குகள் சிலவற்றில் சோதனை முன்னோட்டமாக நேரடி நிகழ்ச்சிகள் தொடங்கின. எங்களுக்கும் ஒரு முன்னோட்டம் வரும் என்றீர்கள். டிசம்பரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பப்கள் மட்டும் திறந்தன. நைட்கிளப், கரோக்கே முன்னோட்டமோ 2021 ஜனவரியில் தேதி குறிக்காமல் தள்ளிவைக்கப்பட்டது. பாடும்போதும் ஆடும்போதும் முகக்கவசம் கட்டாயம் என்ற அந்தத் திட்டத்துக்குக்கூட நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். உணவகங்களில் பதிவு செய்த பாட்டை மெதுவாக ஒலிக்கவிடக்கூட 2021 நவம்பர் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேரடி இசைக்கு இவ்வாண்டு மார்ச் 29தான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் கிட்டார் வாசிப்பதற்குப் பிறந்த அனுமதி அது.

நடுவே 2021 ஜூலை வந்தது. உணவகமாக மாறிவிட்டதாகப் பெயர் பண்ணிக்கொண்டு, உள்ளே பழையபடி பெண்களை மேசைக்கு அனுப்பிய சில கேடிவி (தனியறைக் கரோக்கே) நிலையங்களிலிருந்து தொற்று பரவி 250 பேரைத் தாண்டியது. அவர்கள் செய்தது குற்றம், தண்டனை சரி. ஆனால் உண்மையாகவே சமையலறை கட்டி, சமையல்காரர் வைத்து, சோறு விற்றுக்கொண்டிருந்த நானூறுக்கும் மேற்பட்ட முன்னாள் இரவுநேரக் கூடங்கள் அத்தனையும் ஜூலை 16 முதல் இரண்டு வாரம் நிறுத்தப்பட்டன. சில நாளில் எல்லா உணவகங்களிலும் அமர்ந்து உண்பது தடைபட்டதால் அந்தத் தடை பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே மாதத்தில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பிய தொற்று ஆயிரம் பேருக்கு மேல் பரவியது. மீன் விற்பவர்களின் ஒழுக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. அவர்கள் வேலை செய்த இடத்தின் சூழலைப் பார்த்துத் தடுப்பு முறைகளை மாற்றினார்கள். எங்கள் விஷயத்தில் மட்டும் ‘நைட்லைஃப்’ என்ற பெயரே நோய் போல ஆனது. என் அக்கம்பக்கத்தார் அந்த வாரம் என் மனைவியிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத விரும்பவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இந்த மடலின் காரணமே அதுதான்.

அரசாங்கம் உதவவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். வேறு தொழிலுக்கு மாறும் கூடங்களுக்கு 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலும், உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறுவோருக்கு 30,000 வெள்ளியும் கொடுத்தீர்கள். உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை வேலை ஆதரவுத் திட்டத்தின்கீழ் ஏற்றுக்கொண்டீர்கள். சுயதொழில் செய்வோருக்கு 2020இல் மாதம் ஆயிரம் வெள்ளி என்று ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டு, மே, ஜூலை, அக்டோபரில் மூவாயிரம் மூவாயிரமாகக் கொடுத்தீர்கள். அந்தப் பணம் எத்தனையோ வீடுகளில் அரிசி வாங்கியது.

ஆனால் அது யார் கைக்கு வந்தது? சுயதொழில் வருமானம் இவ்வளவு என்று ஏற்கெனவே கணக்குக் காட்டியிருந்தவர்களுக்கு வந்தது. எங்கள் தொழிலில் பெரும்பாலோருக்கு ஒப்பந்தம் என்று ஒரு தாளே கிடையாது. இரவு வாசித்து முடித்தால் கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுப்பார்கள். சில இடத்தில் வாரக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆள் வரவில்லை, இன்றைக்குப் பாதிதான் என்றால் பாதிதான். எத்தனை நாள் வாசித்தோம், எவ்வளவு வாங்கினோம் என்பதற்கு முதலாளியின் நினைவும் எங்கள் நினைவும்தான் சாட்சி. வரிக் கணக்கை ஒழுங்காக வைக்காதது கலைஞர்களின் தவறுதானே என்று கேட்கலாம். பாதி நியாயம். ஆனால் ரசீதே தராத ஒருவரிடம் வேலை செய்பவர் எதை வைத்துக் கணக்கு எழுதுவார்? என்னோடு வாசித்த ஆக்டோபேட் கலைஞர் ஒருவர் உதவித்தொகைக்கு மேல்முறையீடு செய்யப் போனார். வருமானச் சான்று கேட்டார்கள். தான் மேடையில் வாசிக்கும் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். அதிகாரி பரிவோடுதான் பேசினாராம், ஆனால் படத்தை வைத்து அவரால் என்ன செய்ய முடியும்? அந்த நண்பர் கருவியை விற்றுவிட்டு உணவு விநியோகத்துக்குப் போனார். இன்று கூடங்கள் திறந்தும் அவர் திரும்பவில்லை.

ஊழியருக்கு முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. நாங்கள் ஊழியர் கணக்கில் வருவதில்லை. எங்களைப் போன்றவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், கட்டணம் எவ்வளவு, எப்போது கொடுப்பது, நிகழ்ச்சி ரத்தானால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2018இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்த ஒரு முத்தரப்புத் தரநிலை வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் விரும்பினால் சேரலாம் என்ற வகை. எங்கள் கூடங்களில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

என் முதல் கோரிக்கை இதுதான். நேரடி நிகழ்ச்சி நடத்தும் இரவுநேரக் கூடங்களுக்குப் பொதுக் கேளிக்கை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, அந்தத் தரநிலையை உரிம நிபந்தனையாகச் சேருங்கள். ஒரே ஒரு தாள், இரண்டு கையெழுத்து, வங்கி வழியாகச் சம்பளம். ஈராண்டு மூடிக் கிடந்த கூடங்கள் தீயணைப்பு வசதி முதல் தடுப்பூசிச் சோதனை வரை எல்லா நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டுதான் கதவைத் திறந்தன. இதையும் ஏற்பார்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், செலவு கூடும், வியாபாரம் படுக்கும் என்று நூறு காரணம் சொல்வார்கள்.

வெளிநாட்டுக் கலைஞர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை என்பதால் நான் பேசுகிறேன். கலைஞர்களுக்கான வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்து பாடகிகளும் நடனப் பெண்களும் வருகிறார்கள். அதிகபட்சம் ஆறு மாதம், அதன்பின் நீட்டிப்பு இல்லை. 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் தரையிறங்க இந்தியா தடை போட்டது. மார்ச் 26 இரவு இங்கே கூடங்கள் மூடின. அந்த நான்கு நாள் வித்தியாசத்தில் அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போக விமானம் இல்லை, இங்கே மேடை இல்லை, வேறு வேலை பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. இந்தியா தன் மக்களை அழைத்துக்கொள்ள வந்தே பாரத் விமானங்களைத் தொடங்கியது மே 7இல்தான். ஒரு வீட்டில் பலர் சேர்ந்து தங்கியிருந்த அந்தப் பெண்களுக்குச் சில முதலாளிகள் மளிகையும் காய்கறியும் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்ததை நானே பார்த்தேன். கைப்பேசி அழைப்பையே எடுக்காத முதலாளியும் இருந்தார்.

வேலை அனுமதியில் இருப்பவரின் பராமரிப்பும் ஊருக்கு அனுப்பும் செலவும் முதலாளியின் பொறுப்பு என்று விதி தெளிவாகச் சொல்கிறது. மூடிய கூடத்தில் அதை யார் போய்ப் பார்த்தது? இப்போது அந்தப் பெண்கள் மறுபடி வரத் தொடங்குவார்கள். கலைஞருக்கு மாலை போடும் பழக்கமும் திரும்பும். பாட்டோ ஆட்டமோ பிடித்துப்போனால் வாடிக்கையாளர் காசு கொடுத்து மாலை வாங்கிக் கலைஞருக்குப் போடச் சொல்வார். அந்தக் காசில் கலைஞருக்கு எவ்வளவு என்பது கூடத்துக்குக் கூடம் மாறும், பல இடங்களில் அது எழுத்தில் இருப்பதில்லை. இத்தனை மாலை வந்தாக வேண்டும் என்ற அழுத்தம் தொடங்கும்போதுதான் பெண்கள் விரும்பாத இடங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள். மாலைப் பங்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். சம்பளம் அந்தப் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில் விழ வேண்டும். அவர் வந்திறங்கிய முதல் மாதத்திலேயே, முதலாளியோ முகவரோ உடன் இல்லாமல், அவருக்குத் தெரிந்த மொழியில் மனிதவள அமைச்சின் அதிகாரி ஒருவர் பேச வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் வேலை கிடையாது.

அடுத்த கோரிக்கை எதிர்காலத்துக்கானது. கிருமி இன்னொன்று வரும். அப்போது உரிமத்தின் பெயரை வைத்துக் கதவை மூடாதீர்கள். அறையின் காற்றோட்டம், உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, அங்கே நடப்பது என்ன என்பதை வைத்து முடிவெடுங்கள். அமர்ந்து பாட்டுக் கேட்கும் கூடமும், தோளோடு தோள் இடித்து ஆடும் கூடமும், பூட்டிய அறைக்குள் இருவர் மூவராகப் பாடும் கரோக்கேயும் ஒன்றில்லை. மூன்றுக்கும் ஒரே தேதியில் பூட்டு, ஒரே தேதியில் சாவி என்றால், ஒழுங்காக நடப்பவர் ஒழுங்காக இருந்து என்ன பயன்? கூடங்களின் உரிமையாளர் சங்கத்தை அழைத்துப் பேசினீர்கள், அதுபோல் பாடகரையும் வாத்தியக்காரரையும் சவுண்ட் பார்ப்பவரையும் அழைத்து உட்கார வையுங்கள். முதலாளியின் கவலை வாடகை, எங்கள் கவலை வேறு.

2019இல் 1 கோடியே 91 லட்சம் பயணிகள் வந்த நாடு இது. 2021இல் வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டிய அவசரம் எங்களுக்கும் புரிகிறது. சென்னையிலிருந்து வருபவர் இரவு உணவுக்குப் பின் எங்கே பாட்டுக் கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டு எங்களிடம்தான் வருவார். ஜோகூர் தரைவழி எல்லை ஏப்ரல் 1இல் திறந்த பிறகு வார இறுதிகளில் மலேசிய முகங்கள் தென்படுகின்றன. செப்டம்பர் கடைசியில் எஃப்1 இரவுக் கார் பந்தயமும் திரும்பி வருகிறது. இப்போதே சில முதலாளிகள், முழு இசைக்குழு எதற்கு, ஒரு பாடகரும் பதிவு செய்த பின்னணி இசை ட்ராக்கும் போதும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். கடன் கழுத்தைப் பிடிக்கும்போது அப்படித்தான் தோன்றும். உங்களிடம் சுற்றுலாவுக்கான நிதி இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை, உள்ளூர்க் கலைஞர்களை எழுத்து ஒப்பந்தத்தோடு மேடையேற்றும் கூடங்களுக்கு என்று ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 26ஆம் தேதி முதல் பத்துப் பேர் வரம்பும் போகிறது. பயணிகள் விடிய விடிய ஆடலாம். தங்குவிடுதியில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து ஒரு தேநீர் குடிக்க இன்னமும் வெளியேறும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் கூடங்களுக்கு அவர்கள் வருவதில்லை, அந்தக் கட்டணம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நாங்கள் வாசிக்கும் பாட்டுகள் அவர்களுடையதும்தான். அந்தச் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.

உரிம நிபந்தனை பற்றிப் பேச நீங்கள் அழைத்தால், வாத்தியக்காரர்கள், பாடகர்கள் சிலர் சேர்ந்து வருவோம். எந்தக் கூடம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறது, எழுத்தில் எதைச் சேர்த்தால் உண்மையிலேயே உதவும் என்று விவரமாகச் சொல்வோம். பகல் நேரமாக இருந்தால் நல்லது. இரவில் இப்போது எங்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
தமிழ்ப் பாட்டுக் கூடங்களில் கீபோர்டு வாசிக்கும் ஒருவன்
சிங்கப்பூர், 24 ஏப்ரல் 2022