சூரியப் புயலும் எங்கள் அடிபம்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'இன்றிரவு 12.30 மணியிலிருந்து 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் வருகின்றன, மொபைலை அணைத்துத் தூர வையுங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடியிருப்புக் குழுவில் அவ்வப்போது தலைகாட்டும். நான் சங்கச் செயலாளர் என்பதால், "சார், லிஃப்டையும் நிறுத்தணுமா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்தச் செய்தி சுத்தப் புருடா. நிஜமாகவே வரக்கூடியது சூரியப் புயல், அதாவது சூரியன் வீசியெறியும் காந்த மேகம் பூமியில் வந்து மோதுவது. அதுவும் நம் கையிலிருக்கும் மொபைலை ஒன்றும் செய்யாது. அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற கரண்டிலும், வழிகாட்டுகிற ஜி.பி.எஸ்.ஸிலும்தான் கை வைக்கும்.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் இதுதான் நடந்தது. பூமியின் காந்தப்புலம் குலுங்கியதில் நெடுந்தூர மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாய்ந்து, ஒன்றரை நிமிஷத்தில் கிரிட் (மின்தொகுப்பு) படுத்துவிட்டது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை.

சரி, அது துருவத்துக்குப் பக்கம். 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னைக்கு அந்த அடி நேராக விழாது என்பது உண்மைதான். ஆனால் 1859இல் வந்த பெரும் சூரியப் புயலை மும்பை கொலாபாவில் இருந்த காந்தமானியே (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) பதிவு செய்திருக்கிறது. இன்னொன்று: 2012 ஜூலையில் வட மாநிலங்கள் இருண்டபோது (அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை) நாம் தப்பித்தது, தென்னக கிரிட் அன்று தனிக்குடித்தனம் நடத்தியதால். 2013 டிசம்பர் 31இல் அதுவும் தேசிய கிரிட்டோடு சேர்ந்துவிட்டது. இனி அங்கே விழும் அடி இங்கேயும் எட்டலாம். ஜி.பி.எஸ். விஷயமும் அப்படித்தான். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால், நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் (ஜி.பி.எஸ். சிக்னல் கடந்து வரும் மின்னேறிய காற்று அடுக்கு) சும்மாவே அலைபாயும். காசிமேட்டுப் படகுகளின் ஜி.பி.எஸ். குழம்புவதற்குக் கியூபெக் அளவு புயல் தேவையில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் சம்ப் நிறையத் தண்ணீர். மாடித் தொட்டியோ காலி. வாளியில் கயிற்றைக் கட்டிச் சம்பிலிருந்து இறைத்து மூன்று மாடி சுமந்தோம். டவர்களின் பேட்டரி தீர்ந்ததும் போன் ஊமையானது. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை கிடையாது, ஏ.டி.எம். செத்துக்கிடந்தது. பால்காரர் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு பாக்கெட்டை நீட்டினார். இன்று பூக்கார அம்மாவிடமே கியூஆர் அட்டைதான். சிக்னல் இல்லாத நாளில் கணக்கெழுத நோட்டு வைத்திருப்பவர் யார்?

புயல்சின்னத்துக்கு ஐந்து நாள் முன்பே தகவல் வருகிறது. சூரியப் புயலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சூரியனிலிருந்து கிளம்பும் காந்த மேகம் வந்துசேரச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று நாள். 1859இல் பதினெட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நம் இஸ்ரோவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 அந்த மேகத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால், அதற்கப்புறம் நமக்கு மிஞ்சுவது அரை மணியோ ஒரு மணியோ. விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிடும். மேற்கு மாம்பலத்துக்கு யார் சொல்வது?

2023இல் எல்லோர் மொபைலும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த அவசர எச்சரிக்கைச் சோதனை நினைவிருக்கிறதா? போன் உயிரோடு இருக்கும்போதே அதே வழியில் நாலு வரி தமிழில் வந்தால் போதும்: மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள், பேட்டரி ரேடியோவைத் தேடி எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி நடத்தும் ஆய்வுக் கூட்டங்களில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். தனிச் செலவு எதுவுமில்லை. மழைக்கான ஏற்பாடுதானே இதற்கும்.

எங்கள் வளாகத்தில் ஒரு அடிபம்பு இருந்தது. வர்தாவுக்கு நாலு வருஷம் முன்பு, கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதைப் பிடுங்கினோம். கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன். போன மாதப் பொதுக்குழுவில் மறுபடி போடலாம் என்று பேச்செடுத்தேன். எந்தக் காரை நகர்த்துவது என்பதில் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் இதழில் வரும் இந்தக் கடிதத்தையும் எடுத்துப் போகலாமென்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை