இளம் பாடகர்களின் படிப்பையும் ஓய்வையும் கேட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், மேடையேறிப் பாடும் பிள்ளைகளின் படங்கள் ‘வருங்கால நட்சத்திரம்’ என்ற தலைப்போடு நாளிதழ்களில் வருகின்றன. அந்தப் பிள்ளைகளின் நலன் கருதியே அமெரிக்கப் பாடகரும் நடிகருமான டேவிட் காசிடியின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறேன்.

1950இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1970இல் தொடங்கிய ‘தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில், தம் மாற்றாந்தாய் ஷெர்லி ஜோன்ஸ் தாயாக நடிக்க, மூத்த மகனாக நடித்தும் பாடியும் பதின்ம வயதினரின் கனவு நாயகனானார். படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, வார இறுதியில் கச்சேரி என்று ஓய்வின்றி ஓடினார். 1974 மே மாதம் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் அவரைக் காண முண்டியடித்த கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். 14 வயதுச் சிறுமி ஒருத்தி சில நாள்களில் உயிரிழந்தாள். அதை இன்று படித்தாலும் என் மனம் பதறுகிறது. பின்னாளில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையிலும் அவர் நடித்தார். ஆயினும் மதுப்பழக்கமும் கடனும் அவரை விடவில்லை. 2017இல் கல்லீரல் செயலிழந்து, 67 வயதில் காலமானார்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், நள்ளிரவு நெருங்கும் வேளையில், தொண்டை கட்டிப்போன பத்து வயதுச் சிறுமிக்குச் சுடுநீர் கொடுத்து, ‘இன்னும் ஒரு பாட்டு’ என்று மீண்டும் மேடைக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவளுக்குப் பள்ளி. ஆகவே, இளம் பாடகர்களைப் பற்றி எழுதும்போது, அவர்களுடைய படிப்பு, ஓய்வு, சன்மானப் பணம் யார் பெயரில் சேர்கிறது என்பவற்றையும் செய்தியாளர்கள் கேட்டு எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பகாவ், நெகிரி செம்பிலான்