சனிக்கிழமை நடை: வாண்டர்பில்ட்டின் பழைய கார் ரோடு

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை நியூயார்க்கின் குயின்ஸில் கன்னிங்ஹாம் பூங்காவிலிருந்து ஆலி பாண்ட் பூங்கா வரை நடக்கிறோம். காலை 8 மணிக்குக் கிளம்பலாம்.

நாம் நடக்கப்போகும் சைக்கிள் பாதை ஒரு காலத்தில் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே. கார்களுக்கென்றே கோடீஸ்வரர் வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் கட்டிய கான்கிரீட் சாலை, 1908-இல் திறந்தார்கள். ரோன்கோன்கோமா ஏரி வரை சுமார் 45 மைல் நீண்டது. குறுக்கே வரும் தெருக்களைப் பாலம் கட்டித் தாண்டியதுதான் அதன் பெரிய விஷயம். அப்போது சுங்கம் 2 டாலர்! பக்கத்திலேயே இலவச பார்க்வே வந்ததும் யார் காசு கொடுத்துப் போவார்கள்? 40 சென்டுக்கு இறக்கியும் பலனில்லை, 1938-இல் மூடிவிட்டார்கள்.

73வது அவென்யூ பாலத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அப்புறம் பாதையோரம் அந்தப் பழைய சாலையின் கான்கிரீட் கம்பங்களைக் கவனியுங்கள். பாசி பிடித்து, சில சாய்ந்து, புதரில் பாதி மறைந்திருக்கும். போன தடவை நான் யாரோ வீட்டு வேலி என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

கிழக்கே பக்கத்து நாசோ மாவட்டத்தில் மிஞ்சிய சாலைத் துண்டுகள் தனியார் இடங்களுக்குள்ளும் போகின்றன. அங்கே தனியாக நுழைய வேண்டாம். சரி, வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் ஒரு கட்டைவிரல் போடுங்கள்.