பிறர் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் கையில் ஒரு கடிதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கே போகலாம், என்னென்ன பார்க்கலாம் என்று பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. யாருடைய பிள்ளைகளை யார் அழைத்துப் போகிறார்கள் என்பது பற்றி எழுதக் காணோம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போவது தாத்தாவுடனோ, சித்தியுடனோ, மாமாவுடனோதான். தங்கையின் பிள்ளைகளையும் அண்ணனின் பிள்ளைகளையும் சென்னையிலிருந்து நெல்லைக்கு அழைத்து வரும் பொறுப்பு எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாக என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி, தின்பண்டம், டிக்கெட் எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். இந்தப் பிள்ளை என் பொறுப்பில் வருகிறது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இருப்பதில்லை. என் ஆதாரையும் தங்கை மகளின் ஆதாரையும் அருகருகே வைத்தால், நான் அவளுக்குப் பெரியம்மா என்று எந்த வரியும் சொல்லாது. இனிஷியல் வேறு, முகவரி வேறு. ஐந்து வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரை இன்னும் புதுப்பிக்காமல் இருந்தால், அதிலுள்ள கைக்குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளையை யார் அடையாளம் காண்பது?

ரயில் நிலையத்தில் பாதுகாப்புப் படையினர் நிறுத்தி, “இந்தக் குழந்தைகள் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் சிலர் கொதித்துப்போகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தைகளையும் கடத்தப்படும் குழந்தைகளையும் ரயில்களிலும் நடைமேடைகளிலும் கண்டுபிடித்து மீட்பது ரயில்வே பாதுகாப்புப் படையின் கடமைகளில் ஒன்று. ‘நன்ஹே ஃபரிஷ்தே’ என்று அதற்குத் தனித் திட்டமே நடத்துகிறார்கள். கடத்துகிறவனும் தன்னை மாமா என்றுதான் சொல்வான். கேள்வி கேட்கிற காவலருக்கு நன்றி சொல்லி, கையிலிருக்கும் கடிதத்தை எடுத்து நீட்டுவதே பெரியவர்களுக்கு அழகு.

அந்தக் கடிதம் ஒரு பக்கம் இருந்தால் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அழைத்துச் செல்பவரின் பெயர், உறவு, ரயில் எண், போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் முகவரி, பெற்றோர் இருவரின் தொலைபேசி எண்கள், கையெழுத்து. கூடவே பெற்றோரில் ஒருவரின் அடையாள அட்டை நகல். இவற்றோடு ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: “தேவைப்பட்டால் மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கும் பொறுப்பையும் இவருக்குத் தருகிறோம்.”

அந்த வரியை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகச் செய்யப்படும் காரியங்களுக்குப் பாதுகாவலரோ, சட்டப்படி குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதம் தரலாம் என்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. சம்மதம் பெற நேரமே இல்லாத நெருக்கடியில் குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செயல்படுபவருக்கு 30ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே உயிர் போகும் ஆபத்தென்றால் மருத்துவர் காத்திருக்கத் தேவையில்லை. சிக்கல் வருவது நடுத்தரமான விபத்துகளில்தான். மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பையனுக்கு மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்த வேண்டும். அப்பா துபாயில் வேலையில் இருக்கிறார், அம்மா கூட்டத்தில் இருப்பதால் போனை எடுக்கவில்லை. உடன் வந்திருக்கும் அத்தையிடம் கையெழுத்து வாங்கலாமா கூடாதா என்று மருத்துவமனை தயங்குவதைத் தவறென்று எப்படிச் சொல்வது? பெற்றோர் எழுதிய கடிதம் இருந்தால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும்.

பெற்றோர் வாய் திறந்து சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. பிள்ளையின் எடை எத்தனை கிலோ என்று எழுதித் தாருங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வலுவில் கிடைக்கிறது. வீட்டில் பழகிய ‘ஒரு மூடி’ என்ற கணக்கை வேறு பாட்டிலுக்கு வைத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். காய்ச்சலில் வலிப்பு வந்ததுண்டா, முந்திரியோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாதா, இழுப்புக்கு இன்ஹேலர் உண்டா என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தானாகச் சொல்லாது. புது இடத்தில் விடியும்வரை தூங்காமல் பயந்துகொண்டே கிடக்கும். குளிப்பாட்ட, உடை மாற்ற யார் உதவலாம் என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நீச்சல் தெரியும் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நகரத்து நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத் தாமிரபரணியின் இழுப்பும் மணல் அள்ளிய பள்ளமும் தெரியாது. படித்துறையில் பெரியவர் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் நான் யாரையும் விடுவதில்லை. இதற்காகப் பிள்ளைகள் என்னிடம் கோபித்துக்கொள்வதுண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளைத் தயார் செய்வதும் முக்கியம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நான் பெரியம்மா, அவ்வளவுதான். என் பெயர் அதற்குத் தெரியாது. எழும்பூர்க் கூட்டத்தில் கை நழுவினால், காவலரிடம் “பெரியம்மாவோடு வந்தேன்” என்று அழுவதால் என்ன பயன்? அழைத்துச் செல்பவரின் முழுப்பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் வாரம் முழுக்கச் சொல்லிப் பழக்குங்கள். 1098 குழந்தைகள் உதவி எண் என்பதையும், 139 ரயில் உதவி எண் என்பதையும் பெரிய பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அரை டிக்கெட்டை மிச்சப்படுத்த, “கேட்டால் நாலு வயது என்று சொல்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அதிகாரி கேட்டால் பொய் சொல்லலாம் என்று கற்ற குழந்தை, ஆபத்தில் அதே அதிகாரியிடம் உண்மையைச் சொல்லத் தயங்கும்.

கனடா அரசு, பெற்றோர் உடன் வராமல் வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கான மாதிரிச் சம்மதக் கடிதத்தைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் ரயில்வேயும் சேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் அதுபோல ஒரு படிவம் வெளியிட்டு, ஆண்டிறுதித் தேர்வுக்கு முன் பள்ளிகள் வழியாகப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தங்கள் இதழே ஒரு மாதிரியை அச்சிட்டு உதவலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், மே மாதப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் அது வெளிவந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி,
பாளையங்கோட்டை