அங்கன்வாடிச் சுவரோர மண்ணைச் சோதித்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மேம்பாலத்துக்குக் கீழே, சிக்னலை ஒட்டி இருக்கும் எங்கள் அங்கன்வாடி பற்றிக் கொடுத்த மனுவும், அதற்கு வந்த பதிலும் உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். 'தண்ணீர் தெளிக்கப்பட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்திருக்கிறது. நாங்கள் தண்ணீர் கேட்கவில்லை. சாலையில் பெருக்கி எங்கள் சுவரோரம் குவிக்கும் மண்ணில் ஈயம், செம்பு, துத்தநாகம், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டோம்.

பேருந்தும் லாரியும் அங்கேதான் பிரேக் பிடிக்கின்றன. பிரேக் பேடு தேயத் தேய செம்பும் ஆன்டிமனி என்ற உலோகமும் உதிர்கின்றன. டயர் ரப்பரில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடும் தேய்ந்து சாலையில்தான் சேர்கிறது. மஞ்சள் கோடு போடும் பெயின்டில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த ஈயக் குரோமேட் நெடுங்காலம் இருந்துவந்த சரக்கு. ஈயம் கலந்த பெட்ரோலை 2000லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், சரி. ஆனால் ஈயம் மக்கிப் போகிற பொருள் இல்லையே! அதற்கு முன்னால் புகையோடு விழுந்தது ஓர மண்ணில் அப்படியே தங்கிவிடும்.

காலையில் சென்டர் மீடியன் ஓரம் பெருக்கிய மண்ணை அங்கன்வாடிச் சுவரோரம் குவிக்கிறார்கள். வாரிப் போகும் வண்டி சில நாள் மதியம் வரும், சில நாள் வருவதே இல்லை. அதற்குள் போகிற வருகிற வண்டிகளின் காற்றில் பாதி மண் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆயா கை கழுவிவிடாமல் இல்லை. கழுவிய கையைப் பாயில் ஊன்றித்தானே உட்காருகிறார்கள்? முட்டை போடும் நாளில் வந்து பாருங்கள். உரித்த முட்டையின் வெள்ளையில் குழந்தைகளின் விரல் தடம் கறுப்பாகப் பதிந்திருக்கும். அதைத்தான் சாப்பிடுகிறார்கள். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளும். இந்த அளவு வரை ஈயத்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெருக்கும் அக்காக்களைக் குறை சொல்லவில்லை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அந்த மண்ணில் நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒழுங்கான முகக்கவசம்கூடக் கொடுக்க முடியாதா?

காற்றில் உள்ள ஈயம், ஆர்செனிக், நிக்கல் மூன்றுக்கும் 2009லேயே தேசிய அளவில் வரம்பு வகுத்துவிட்டார்கள். தேசியத் தூய காற்றுத் திட்டமும் 2019இல் வந்தது. அப்புறமும் எங்களுக்குக் கிடைப்பது காற்றில் தூசி இத்தனை மைக்ரோகிராம் என்ற ஒரே எண்தான். எடை தெரிந்து என்ன பயன்? அந்தத் தூசியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியவேண்டாமா? தரையில் படிந்த மண்ணை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. புகார் எண் கொடுப்பதில் காட்டும் வேகத்தைச் சோதனையில் காட்டியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கோட்டருகே, சுவரோரம், பிள்ளைகள் உட்காரும் அறை என மூன்று இடங்களில் மண் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வரும் முடிவை அங்கன்வாடிச் சுவரிலேயே ஒட்டுங்கள். முடிவு வரும்வரை, பெருக்கிய மண்ணை அங்கே குவிக்காமல் ஈரப்படுத்தி உடனே வாரிப் போகச் சொல்லுங்கள். தயவுசெய்து அடுத்த பருவமழை வரை தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில்,
ஒரு தாய்