படம் போடுவதற்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் அடிக்கடி "யாழ். இளைஞனின் புதிய கண்டுபிடிப்பு" என்று படத்தோடு செய்தி வருகிறது. பிள்ளை சிரித்தபடி பக்கத்தில் நிற்கும். இயந்திரத்தின் மூடி திறந்திருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சுன்னாகத்தில் 26 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். தை, மாசி வந்தால் எங்கள் வீட்டில் ஒடியலுக்குப் பனங்கிழங்கு உரித்துக் கிழிக்கிற வேலை நடக்கும். மனைவிக்குப் பெருவிரல் நகக்கண் வெடித்துவிடும். இரவில் கறியில் கைபட்டால் துடித்துப்போவா. அதைப் பார்த்துத்தான் கிழங்கை உரித்துக் கிழிக்க ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினேன். முள்ளு வைத்த இரண்டு உருளை, நடுவில் ஒரு கத்தி, சுற்றுவதற்கு சைக்கிள் செயினும் பற்சில்லும். கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். கிழங்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன் அல்லவா? மொத்தக் கிழங்கு வந்தால் உருளை தானே விலகிக் கொடுக்க வேண்டும், மெல்லியது வந்தால் நெருங்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை எங்கே வைப்பது என்று பிடிபட எனக்கு இரண்டு பருவம் போனது.

முடிந்ததும் ஒரு கண்காட்சியில் வைத்தேன். நல்ல சனம். ஒருவர் மட்டும் நெடுநேரம் நின்றார். "அண்ணை, அந்த மூடியை ஒருக்கால் கழற்றிக் காட்டுங்கோ" என்றார். கழற்றினேன். சாணால் அளந்து பார்த்தார், போனில் வீடியோ எடுத்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை தெரிந்தவர் ஒருவர், "வரைபடத்தை உனக்கே பதிவுத்தபாலில் அனுப்பி, உறையை உடைக்காமல் வை. அதுதான் பேட்டன்ட்" என்றார். நம்பினேன். அடுத்த நாளே தபாற்கந்தோருக்குப் போய் அனுப்பினேன். அந்த உறை இன்னும் அலுமாரியில், முத்திரை குத்தியபடி அப்படியே கிடக்கிறது. காரியம் முடிந்தது என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த கிழங்குக் காலம் நகரத்துக் கடையொன்றில் என் இயந்திரத்தைக் கண்டேன். பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது. குனிந்து இடப்பக்கச் சட்டத்தைப் பார்த்தேன். நான் துளை போடும்போது அளவு பிழைத்து, தேவையில்லாமல் விழுந்த ஒரு துளை அங்கே இருந்தது. எதற்கென்று தெரியாமலே அதையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள்.

சட்டத்தரணி ஒருவரிடம் உறையைக் கொண்டுபோனேன். அவர் உறையைத் தொடவேயில்லை. "பேட்டன்டுக்கு விண்ணப்பம் எப்ப போட்டனீங்கள்?" என்றுதான் கேட்டார். இந்தத் திகதியில் இந்த வரைபடம் உங்களிடம் இருந்தது என்று காட்ட உறை உதவலாம், உரிமை எதையும் தராது என்றார். பிறகு சட்டத்தை விளங்கப்படுத்தினார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பத் திகதிக்கு முன் உலகத்தில் எங்கேயாவது எழுத்தாலோ பேச்சாலோ பாவனையாலோ வெளியே தெரிந்துவிட்ட பொருள் புதியது ஆகாது. கண்டுபிடித்தவர் தானே வெளியே காட்டியிருந்தால் மட்டும் ஒரு வருடம் தவணை உண்டு. அதற்குள் விண்ணப்பித்தால் அந்த வெளிப்படுத்தலைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் அவர் முன்னால் போய் இருந்தது கண்காட்சி முடிந்து 14ஆவது மாதத்தில்.

அந்த ஒரு வருடத்தை நம்பி இருப்பதும் சரியில்லை. ஐரோப்பிய ஆக்கவுரிமை (பேட்டன்ட்) முறையில் அப்படியொரு பொதுவான தவணை கிடையாது. சுவிஸிலோ ஜேர்மனியிலோ உள்ள மச்சான் அங்கே செய்து விற்கலாம் என்று நினைக்கிற பிள்ளைக்கு, இங்கே பத்திரிகையில் படம் வந்த அன்றைக்கே அங்குள்ள கதவு சாத்தப்பட்டுவிடும். முதலில் இங்கே விண்ணப்பித்துவிட்டால், 12 மாதத்துக்குள் பாரிஸ் சமவாயம் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் போடும் விண்ணப்பத்துக்கும் இங்கே போட்ட திகதியையே கோரலாம். இலங்கையில் கிடைக்கும் ஆக்கவுரிமை இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும், 20 வருடத்துக்கு.

எங்களூரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு, பெயரும் யோசனையும் தங்களுக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பெயருக்கு வியாபாரக் குறி (ட்ரேட் மார்க்) தனியே பதிய வேண்டும். அது 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். யோசனைக்கு ஒன்றுமே இல்லை. வியாபாரம் செய்யும் முறைக்கு ஆக்கவுரிமை கொடுப்பதில்லை என்று சட்டமே சொல்கிறது. நண்டையும் கூழையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு செயலி என்றால், எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை இருக்கும், யோசனையை யாரும் எடுக்கலாம். ஆகவே பங்காளியிடம் வாய் திறப்பதற்கு முன்னமே இரகசியம் காப்பதாக எழுத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தக்காரனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள்.

இப்போது நான் இரண்டாவதாக ஒரு இயந்திரம் செய்திருக்கிறேன். இந்த முறை விண்ணப்பத்துக்கு உரிமைக் கோரலை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறேன் என்று சொல்லும் பகுதியை, நானே எழுதிப் பார்த்தேன். "சைக்கிள் செயினால் சுற்றும் உருளை" என்று எழுதியிருந்தேன். சட்டத்தரணி அந்தச் சொல்லின் கீழ் கோடு போட்டு, "நாளைக்கு ஒருவன் பெல்ற் போட்டுச் செய்தால்?" என்று கேட்டார். ஒரு சொல்லால் எவ்வளவு போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களிடம் கைவேலை இருக்கிறது, மூளை இருக்கிறது. இந்த எழுத்துவேலையை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும்போது, "விண்ணப்பம் போட்டாச்சா?" என்று முதலில் கேட்கட்டும். இல்லையென்றால் பிள்ளை விண்ணப்பம் போடும் வரைக்கும் செய்தியைப் பிந்திப் போடுங்கள். பொறுக்க முடியாது என்றால் பிள்ளையின் படத்தையும் இயந்திரம் என்ன செய்யும் என்பதையும் மட்டும் போடுங்கள், மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ஆசிரியர்களிடமும் இதையே கேட்கிறேன். காட்சிக்கு வைக்கிற நாளுக்கு முன் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும்.

என் புது இயந்திரம் பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடியபடி இருக்கிறது. விண்ணப்பம் போன கிழமை போய்விட்டது. விண்ணப்ப இலக்கம் கைக்கு வந்ததும் உங்கள் நிருபரை நானே கூப்பிடுகிறேன். அன்றைக்கு மூடியைக் கழற்றிக் காட்டுவேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
சுன்னாகம்.